புதுக் கனெக்ஷன்

"எங்க மேல என்ன குறை, சார்?" என்று கேட்டார் கேஸ்காரர், ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டே.

"குறைன்னு ஒண்ணுமில்ல. நீங்க சிலிண்டர் கொண்டுவர்றதுக்குள்ள அடுப்பு அணைஞ்சுபோயிடுது. வேற கம்பெனிக்கு மாத்திட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் கணவன். அவளிடம் திரும்பி, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான்.

அவள் கொண்டுவந்தாள். முகத்தை ஒருபக்கமாகத் திருப்பியபடியே தம்ளரை நீட்டினாள்.

அடுப்பு ஒருநாளும் அணைந்ததில்லை.

கல்யாணமாகி இந்த மாடி வீட்டுக்கு வந்த நாள்முதல் இவர்தான் சிலிண்டர் போடுகிறார். வாசலோடு இறக்கிவைத்துவிட்டு நழுவுகிற ஆளில்லை. சமையலறைவரை சுமந்துவந்து, மாட்டி, கசிவு பார்த்து, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே "ராக்கெட் வருது, வழி விடு!" என்று குரல் கொடுப்பார். மகள் விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள்.

அந்தக் குரலுக்குத் தானும் காத்திருந்திருக்கிறோம் என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. வேறு யார் இந்த வீட்டுக்குள் வருகிறார்கள்? அம்மா வீட்டார் வருவது நின்றே போயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் கணவனே வாசலில் நின்று, சிரித்த முகமாக இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவைத்துவிடுவான்.

கேஸ்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். பையிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, குனிந்து, வால்வின் வாயில் ஊற்றினார்.

அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். சோப்புத் தண்ணீர் வால்வைச் சுற்றித் தேங்கி, அப்படியே அசையாமல் கிடந்தது. கசிவிருந்தால் நுரைத்திருக்கும்; ஒரு குமிழ்கூட எழும்பவில்லை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியால் அவசரமாக ஒற்றி எடுத்தார்.

"வால்வு லீக் ஆகுது. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. எல்லாரும் கீழ எறங்குங்க. தங்கச்சி, நீ முதல்ல போ."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

மகள் தூங்கிக்கொண்டிருந்த அறைப்பக்கம் திரும்பினாள். கணவன் முந்திக்கொண்டான். "நான் தூக்கிட்டு வரேன். நீ எறங்கு."

செருப்புகூட மாட்டாமல் இறங்கினாள். பின்னாலேயே கேஸ்காரர் சிலிண்டரைத் தோளில் சுமந்தபடி, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். ஈரத்தலையோடு ஒருத்தி, கையில் கரண்டியோடு ஒருத்தி, பாதிச் சவரத்தில் ஒருவர் என்று கட்டிடமே தெருவுக்கு வந்துவிட்டது.

சிலிண்டரை வண்டியில் ஏற்றிவிட்டு, அவர் முன்பக்கக் கதவைத் திறந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்சீட்டு காலிதான். எங்க வீட்டுக்காரி வீட்லதான் இருக்கா. ஏறிக்கோம்மா."

போன தடவை வந்தபோது 'கையில என்னம்மா?' என்று கேட்டவர் அவர். எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொன்னாள். எண்ணெய் இப்படி மணிக்கட்டைச் சுற்றி விரல் விரலாகத் தெறிக்குமா என்று அவர் கேட்கவில்லை. கூடத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவனை ஒருமுறை ஏறிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த ஒரு கேள்விக்கு, அவர் தலை மறைந்த பிறகு, அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

திறந்த கதவில் கை வைத்தாள். உள்ளே சீட்டின் மேல் ஒரு பழைய துண்டு விரித்திருந்தது. தெருவில் எல்லாரும் மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை.

கணவன் அப்போதுதான் வெளியே வந்தான். அவசரமே இல்லாத நடை. அவன் தோளில் மகள், தூக்கம் கலையாமல்.

அவளைப் பார்த்தான். வண்டிக் கதவைப் பார்த்தான். குழந்தையை மறுதோளுக்கு மாற்றி இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

"பாப்பாவ நான் விடவே மாட்டேன். நீ ஒண்ணும் பயப்படாத," என்றான், நாலு பேர் காதிலும் விழும்படி.

ஈரத்தலைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "கொடுத்துவெச்சவ. புருஷன்னா இப்படி இருக்கணும்."

அவள் வண்டிக் கதவைத் தானே சாத்தினாள், சத்தம் வராமல்.

"போயிட்டு வாங்கண்ணே," என்றாள். இனி வரமாட்டார் என்று தெரிந்த ஒருவரை அனுப்பவும் அதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

கேஸ்காரர் அவள் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். பிறகு கிளப்பிக்கொண்டு போனார்.

சாயங்காலம் புதுக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். மாடிக்கு ஏறவில்லை. கட்டிடத்தின் பின்பக்கம், தரையோடு ஒரு கம்பிக்கூண்டு வைத்து, அதற்குள் சிலிண்டரை நிறுத்திப் பூட்டினார்கள். ஏணி போட்டு, சுவரோடு குழாயை ஏற்றி, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார்கள். உள்ளே வந்த முனையைக் கணவனே அடுப்பில் பொருத்தினான்.

வேலை முடிந்ததும் ஒருவன் கீழேயிருந்து ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"பத்தவெச்சுப் பாருங்கக்கா! சார் கேட்ட மாதிரியே செஞ்சாச்சு. இனிமே எங்க ஆளுங்க யாரும் வீட்டுக்குள்ள வரவே வேண்டியதில்ல!"

அவள் பற்றவைத்தாள்.

அடுப்பு நன்றாகவே எரிந்தது.