கடைசியாக வந்தவள்

ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஒரே சாலைதான். சர்வதேச மாரத்தானுக்காக அதைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். ஆட்டோவுக்குள் மனைவி ஜெசிந்தா பிரசவ வலியில் முனக, சகாயம் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

“சார், எல்லாரும்தான் ஓடிட்டாங்களே!”

“ஒரு பொண்ணு பாக்கிய்யா. அது நாட்டுலேருந்து இதுவரைக்கும் யாருமே வந்ததில்லையாம். அது தாண்டினாத்தான் கயித்தை அவிழ்க்கணும். நம்ம ஊரு பேரு கெடக்கூடாதுன்னு உத்தரவு,” என்றார் காவலர்.

வளைவில் அவள் தெரிந்தாள். கூட்டம் கைதட்டியது. சகாயம் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். “வா தாயி, வந்துரு!”

அவனுக்கு நேர் எதிரே வந்ததும் அவள் கால் இழுத்துக்கொண்டது. முழங்காலில் கையூன்றித் தள்ளாடி நின்றாள்.

“யாரும் தாங்கிப் பிடிச்சிராதீங்க!” என்று காவலர் கத்தினார். “பிடிச்சா போட்டியிலேருந்தே நீக்கிடுவாங்க. அதோட அது ஓட்டம் முடிஞ்சுது; கயித்தை அவிழ்த்துற வேண்டியதுதான்.”

ஆட்டோவிலிருந்து ஜெசிந்தா அலறினாள். சகாயம் குனிந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனான். நீண்டு வந்த கையைப் பார்த்து அந்தப் பெண் வேண்டாமென்று தலையசைத்தாள். அவன் கைக்கும் அவள் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.