மிஞ்சிய பெயர்

மச்சானின் நாற்காலி இன்றும் காலி. அதைப் பார்த்ததும் சிஸ்டம் இன்ஜினியர் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். சிபாரிசு செய்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை வீட்டில் அடுப்பு எரிகிறது.

காவலாளி முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடிக்க, மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பட்டத்து யானை போல நுழைந்தார். மூச்சு விடுவதைத் தவிர மற்ற எல்லா வேலைக்கும் அவருக்கு ஆள் உண்டு.

"சம்பளம் மட்டும் வாங்கிட்டு, ஆபீஸ் பக்கமே தலைவச்சுப் படுக்காத பேய் இங்க இருக்கு. இன்னைக்கு ஓட்டிடறேன். எப்படிப் பிடிக்கப் போற?"

"சம்பளப் பட்டியல் ஒண்ணு. இந்த மாசம் வாசல்ல கார்டு தேய்ச்சுக் கதவைத் திறந்தவங்க பட்டியல் ஒண்ணு. ரெண்டையும் ஒப்பிட ஒரு கமாண்ட் இருக்கு சார். முதல் பட்டியல்ல இருந்து ரெண்டாவதுல இல்லாத பேரு மட்டும் மிஞ்சும்."

"ம்... தட்டு."

இன்ஜினியர் இரண்டு பட்டியலையும் அகரவரிசைப்படுத்தினார். அதைச் செய்யாவிட்டால் கமாண்ட் குழம்பிப்போய், இருப்பவனையே இல்லையென்று சாதிக்கும். அந்த விஷயத்தில் அதுவும் ஒரு மேலாளர்தான். மச்சானை மனத்தில் நினைத்துக்கொண்டே ஓடவிட்டார்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டார். மறுபடி வரிசைப்படுத்தி, மறுபடி ஒப்பிட்டார். அதே பெயர். கீழே, 'நீக்கலாமா?' என்று திரை கேட்டுக்கொண்டு நின்றது. சட்டென்று எழுந்து முதுகால் அதை மறைத்தார்.

"சார், இதை அப்புறம் பார்க்கலாமே. இது வந்து..."

"பேரைச் சொல்லாதே! பேர் தெரிஞ்சா இரக்கம் வரும். இரக்கம் வந்தா நிர்வாகம் போயிடும்." இதே வசனத்தை அவர் ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"ஒரு நிமிஷம் கேளுங்க சார். என்டர் தட்டினா சம்பளம் நின்னுடும், தலைமையகத்துக்குத் தகவல் போயிடும். அப்புறம் நம்மால திருப்ப முடியாது. ஒரு குடும்பமே..."

"எந்தக் குடும்பம்னு தெரியும்யா!" மேலாளர் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான் பாசம் கண்ணை மறைக்குதோ? நகரு!"

"சார், வேண்டாம் சார்!"

இன்ஜினியரைத் தோளால் இடித்துத் தள்ளினார். இரக்கம் வந்துவிடாதபடி கண்களை இறுக மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வேலையைத் தன் கையாலேயே செய்தார். 'டப்.'

இன்ஜினியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் 'பீப்' என்றது. கழுத்திலிருந்த கார்டைத் தேய்த்துவிட்டு, கையில் டீயோடு ஆடி அசைந்து உள்ளே வந்தான் மச்சான், தினமும் போலவே தாமதமாக.

மேலாளர் மச்சானைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "அப்ப... மிஞ்சினது யாரு?"

பதிலுக்கு அவருடைய செல்போன்தான் அதிர்ந்தது. எடுத்துப் படித்தவரின் முகம் அந்தத் திரையைவிடக் கறுத்தது.

இன்ஜினியர் மெல்லச் சொன்னார்:

"ஒருநாளாவது அந்தக் கதவை நீங்களே திறந்திருக்கலாம் சார்."