துரோகிகளுக்கு ஒரு வகை

"புதுசா ஒரு வகை உண்டாக்கு, ரலிட்சா. பேரு 'துரோகிகள்'."

மேலாளர் டோன்கோவ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில், வேண்டாத தளங்களை அடைக்கும் அலுவலக இணைய வடிகட்டி திறந்திருந்தது. சூதாட்டம், சினிமா, அரட்டை என்று அதில் ஏற்கெனவே இருந்த வகைகளையெல்லாம் வந்த புதிதிலேயே அடைத்துவிட்டார். இன்று அவர் கோபம் வேலை தேடும் தளங்கள் மேல். வர்ணா துறைமுகத்தை ஒட்டியிருந்த அந்தச் சின்னச் சரக்குக் கம்பெனியிலிருந்து போன மாதம் இரண்டு பேர் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்கள்.

"துரோகிகள்னே வைக்கட்டுமா சார்? அடைச்ச பக்கத்தை யாராவது திறந்தா அந்தப் பேருதான் திரையில வரும்."

"வரட்டும். அப்பதான் புத்தி வரும்."

ரலிட்சா தட்டினாள். சரக்குப் பதிவுதான் அவள் வேலை. கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு முறை வாயை விட்டதால் வடிகட்டி வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. டோன்கோவுக்கு ஒரு தளத்தின் பெயரும் தெரியவில்லை. அவளே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"உள்ளூர்ப் பேப்பரோட விளம்பரப் பக்கம் இருக்கு சார். கப்பல் ஏஜெண்டுகள் சங்கத்துலயும் ஆள் தேவைன்னு போடுவாங்க."

"அப்படிச் சொல்லு! ரெண்டையும் போடு."

எதிர் மேஜையில் கணக்குப் பார்க்கும் பென்கா, கையில் இருந்த, பாலாடைக்கட்டி வைத்த பனிட்சாவைக் கடிக்க மறந்து ரலிட்சாவை முறைத்தாள்.

"உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் விலக்கு குடுக்கட்டுமா சார்?" என்று கேட்டாள் ரலிட்சா.

"எனக்கு எதுக்கு? நான் என்ன வேலை தேடி நாயா அலையுறவனா?" டோன்கோவ் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். "இன்னொண்ணு. முகவரியில 'வேலை'ங்கிற சொல் எங்க வந்தாலும் அடைச்சிடு."

"அது நிறைய இடத்துல வருமே சார்..."

"சொன்னதைச் செய்."

செய்தாள்.

மறுநாள் துறைமுகத்தின் 'வேலை நேரம்' பக்கம் திறக்கவில்லை. எந்த வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்க்க முடியாமல், லாரியைக் குத்துமதிப்பாக அனுப்பினார்கள். பூட்டிய வாசல் முன்னால் நின்றுகொண்டு டிரைவர் போனில் கத்தினான். டோன்கோவ் துறைமுகத்துக்குப் போன் போட்டு அவர்களிடம் கத்தினார்.

"துறைமுகமே நமக்குத் துரோகம் பண்ணிடுச்சுடி" என்றாள் பென்கா. தெருவோரத்துக் காபி இயந்திரத்தின் முன்னால் இருவரும் நின்றிருந்தார்கள். கடல்காற்று காகிதக் கோப்பைகளைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

"வீட்டுக்குப் போய் போன்ல பார்க்க மாட்டோமா? அதைக்கூட யோசிக்கத் தெரியல. இந்தாளுக்கு எவன் மேலாளர் வேலை குடுத்தான்?"

ரலிட்சா சிரித்தாள்.

"சிரிக்காதே. அவனுக்காவது மூளை இல்ல. உனக்கு என்னடி கேடு? அந்தப் பேப்பர் பக்கத்தை நீ எதுக்கு எடுத்துக் குடுத்தே? தினம் காலையில வந்து புதுசு புதுசா தளம் தேடிச் சேர்க்குறியே, அதுவும் அவன் சொன்னதா?"

"சொன்ன வேலையை ஒழுங்கா செய்யறேன், அவ்வளவுதான் அக்கா."

"ஜால்ரான்னா இப்படி ஒரு ஜால்ராவை நான் பார்த்ததில்ல" என்று பென்கா கோப்பையைக் கசக்கி எறிந்தாள்.

அதன்பிறகு ரலிட்சாவோடு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது. அவளும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் தலைநகர் சோபியாவிலிருந்து முதலாளி யாங்குலோவ் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"டோன்கோவ், உங்க இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு."

டோன்கோவின் முகம் வெளுத்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம...?"

"ஊரறிய விளம்பரம் போட்டேனே! வேலை தேடுற தளம், பேப்பர், சங்கம், ஒண்ணு விடல. யாராவது பார்த்து உங்க காதுல போடுவாங்க, நீங்க எனக்குப் போன் பண்ணிச் சண்டை போடுவீங்கன்னு காத்திருந்தேன். ம்ஹும்! இந்த ஆபீஸ்ல ஒருத்தர்கூட மூச்சு விடல."

பென்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"இங்கேயிருந்து வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். விளம்பரம் வந்த அன்னிக்குக் காலையிலயே வந்திடுச்சு. அன்னிக்கு மத்தியானம்தான் நீங்க இந்த அடைப்பு வேலையெல்லாம் பண்ணீங்களாம். வாழ்த்துகள், ரலிட்சா. நாளையிலேர்ந்து நீங்கதான் மேலாளர்."

டோன்கோவ் எதிரே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் இரக்கம் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காலை பென்கா மேலாளர் அறைக்குள் பாய்ந்து வந்து ரலிட்சாவைக் கட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி! அவன் கண்ணை அவன் கையாலயே கட்ட வெச்சிட்டியே! ஜால்ரான்னு உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன், மனசுல வெச்சுக்காதே. சரி, முதல்ல அந்த அடைப்பை எடுத்து விடு."

ரலிட்சா அவள் கைகளை மெல்ல விலக்கிவிட்டு, சுழல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அது இருக்கட்டும் பென்கா அக்கா" என்றாள். "நீங்கல்லாம் வேற வேலை தேடிக்கிட்டுப் போயிட்டா, நான் யாரை வெச்சு இந்த ஆபீஸை நடத்துறது?"