வியாபாரமே இல்லாத மாதங்கள்

"கடையை மூடிட்டுப் போனவங்க, மூடிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா பாய்?"

தங்கபாண்டி கம்ப்யூட்டரை யூனுஸ் பக்கம் திருப்பினார். போடியில் யூனுஸ் உட்பட ஏலக்காய் வியாபாரிகள் பாதிப் பேருக்கு ஜி.எஸ்.டி. நம்பர் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். படித்தது என்னவோ பி.காம்., ஆனால் ஊருக்கு அவர் ஆடிட்டர்.

யூனுஸ் திரையைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் புரியாது.

"ஒண்ணரை வருஷமா மலையில எஸ்டேட்டு சோலி தம்பி. ஒரு கிலோ வாங்கலை, ஒரு கிலோ விக்கலை. இல்லாத யாவாரத்துக்கு என்ன கணக்கு?"

"இல்லைன்னு சொல்றதுதான் கணக்கு. அதை மாசாமாசம் சொல்லணும். சொல்லாம விட்டா ஒவ்வொரு மாசத்துக்கும் அபராதம்."

இது என்ன நியாயம் என்று கேட்கலாம்தான். யாரிடம் போய்க் கேட்பது? அபராதம் போட்டதோடு விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. நம்பரையே முடக்கி வைத்துவிட்டார்கள்.

"நம்பர் இல்லாம பில்லு போட முடியாதா தம்பி?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூனுஸின் மனைவி பர்சானா கேட்டாள்.

"முடியாதும்மா."

அவள் முகம் வெளிறிவிட்டது. வடக்கே இருந்து ஒரு பழைய வியாபாரி யூனுஸைத் தேடிப் பிடித்து, சரக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த ஒரு போனை நம்பித்தான் யூனுஸ் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்தார். கடைக்கு வாடகை பேசியாகிவிட்டது. தோட்டக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்காக, நிக்காஹ்வில் கட்டிய கருகமணி தவிர பர்சானாவின் நகை எல்லாம் அடகுக்குப் போய்விட்டது.

"இன்னைக்கே அபராதத்தைக் கட்டிட்டா?"

"கட்டலாம். ஆனா ஆபீசர் பாத்து நம்பரைத் திறந்து விடணுமே. நாளாகும்."

யூனுஸ் அந்த வியாபாரியைக் கூப்பிட்டார். தெரிந்த அரைகுறை இந்தியில் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினார். பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது.

"பில்லு இல்லாட்டி வேண்டாமாம். வேற கடையில வாங்கிக்கிறாராம்."



"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்ல மாட்டாங்களா தம்பி? பொசுக்குனு முடக்கிருவாங்களா?" பர்சானா தங்கபாண்டியிடம் கேட்டாள்.

"சொல்லாம என்னம்மா? மாசம் தவறாம மெசேஜ் அனுப்புறாங்க. முடக்குறதுக்கு முன்னாடி நோட்டீஸ்னு தனியா ஒரு மெசேஜ். எல்லாம் பதிவு பண்ணின போனுக்கு வந்துக்கிட்டேதான் இருக்கும். நாமதான் எடுத்துப் பாக்கணும்."

பர்சானா புருஷனைப் பார்த்தாள்.

யூனுஸ் தலையைக் குனிந்துகொண்டார். "மலையில டவர் கிடையாது. லீவுக்கு ஜீப்புல இறங்குனா, அடிவாரத்துல முந்தல் வந்ததும் மெசேஜெல்லாம் மொத்தமா வந்து கொட்டும். லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு ஒரே தொல்லை. எல்லாத்தையும் சேத்து அழிச்சிருவேன். அதுல இதுவும் போயிருக்கும்."

"படிக்காமலா?"

"படிக்காமத்தான்."

"அடப்பாவி மனுசா! குடும்பம் இப்பதான் தலையெடுக்கும்னு இருந்தேனே. சர்க்காரு கெடுக்கலை, நீங்கதான் கெடுத்தீங்க. எடுத்துப் பாக்க நோகுதா உங்களுக்கு?"

வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்கியும் யூனுஸுக்குக் கோபம் வரவில்லை. தன்மீதே வெறுப்பாக இருந்தது அவருக்கு.

"ஆமா. நான்தான் கெடுத்தேன்" என்றார். "நாளைக்கே மலைக்குப் போயிர்றேன். கையில கால்ல விழுந்தாவது பழைய வேலையைக் கேக்குறேன். கடை கிடைன்னு இனி நினைக்கவே மாட்டேன்."

அட்வான்ஸுக்கு வைத்திருந்த பணத்தை மடியிலிருந்து எடுத்தார். "அபராதத்தைக் கட்டி விட்டுருங்க தம்பி. தள்ளிப் போட்டா இன்னும் ஏறும்."

தங்கபாண்டிக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது. "என் ஃபீஸை விடுங்க பாய். இந்த நிலைமையில உங்ககிட்ட வாங்குனா அது மனுசத்தனமா?"

பர்சானா முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அல்லா உங்களை நல்லா வைக்கணும் தம்பி. உங்களுக்கு இருக்குற பொறுப்புல கால்வாசி இவருக்கு இருந்திருந்தா நான் ஏன் இங்க வந்து உக்காந்திருக்கேன்?"

தங்கபாண்டி வேலையில் இறங்கினார். முதல் மாதத்துக்கு 'வியாபாரம் இல்லை' என்று போட்டு, பட்டனைத் தட்டினார்.

"பதிவு பண்ணின போனுக்கு இப்ப ஓடிபி வரும்" என்றார், தினமும் எல்லாரிடமும் சொல்கிற பழக்கத்தில்.

யூனுஸ் பதறிப்போய்த் தன் போனை எடுத்தார். இந்த ஒரு மெசேஜையாவது விட்டுவிடக் கூடாது என்று, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. தங்கபாண்டியின் சட்டைப் பையிலிருந்து.

அவர் போனை எடுத்தார், யார் முகத்தையும் பார்க்காமல் அதில் வந்த ஓடிபியைக் கம்ப்யூட்டரில் தட்டினார், அடுத்த மாதத்துக்குப் போனார்.

"எனக்கு இன்னும் வரலையே தம்பி..." யூனுஸ் இன்னமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பர்சானா அவர் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"வராதுங்க. அந்த மெசேஜ் ஒரு மாசம்கூட நமக்கு வந்ததே இல்ல."