கழற்றிய பற்றரி

குளிர்காலம் தொடங்கியதும் உதயன் தன் கரவன் வண்டியை நகரத்துக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் விட்டுவிடுவான். குளிரில் பழுதாகிவிடும் என்பதால் பற்றரியை மட்டும் கழற்றி லா சப்பல் வீட்டுக்குக் கொண்டுவருவான். சின்ன வீடு. பற்றரிக்குச் சாமித்தட்டின் கீழ்தான் இடம் கிடைத்தது. மனைவி கஜந்தினி அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

எதிலும் பொருத்தாத பற்றரி மாதத்தில் கொஞ்சம்தான் இறங்கும். ஆனால் நவம்பரில் 12.7 வோல்ட்டில் வைத்தது, டிசம்பரில் 12.1 காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஏற்றினான். ஜனவரியில் அதுவும் 11.9க்கு இறங்கியிருந்தது.

அந்த வாரம் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீஸ்கந்தராசா போன் எடுத்தார்.

"தம்பி, கரவனுக்குள்ளை லைற் எரியுது. ஆரையும் தங்க விட்டிருக்கிறீரோ?"

"இல்லை அண்ணை. பற்றரி இஞ்சை எல்லோ இருக்கு."

"கதவும் பூட்டித்தான் கிடக்கு."

உதயன் சார்ஜரைக் கையில் எடுத்தான்.

"இனிச் சார்ஜ் போடாதேங்கோ," என்றாள் கஜந்தினி.

அவன் போடவில்லை. ஒவ்வொரு நாளும் அளந்து மட்டும் பார்த்தான். ஆறாம் நாள் 10.6. அன்று பின்னேரம் மறுபடி போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, லைற் நல்லா மங்கிப்போச்சு. உள்ளுக்கை ஒரு குழந்தைப்பிள்ளை அழுற சத்தம் கேக்குது."

கஜந்தினிதான் எழுந்துபோனாள். சிவப்புக் கிளிப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டிச் சார்ஜரின் சுவிட்சைப் போட்டாள். பிறகு போனுக்குக் கிட்ட வந்து குனிந்தாள்.

"அண்ணை, இப்ப?"

அவர் கரவனுக்குக் கிட்டப் போகும் காலடிச் சத்தம் கேட்டது.

"இப்ப அழேல்லை, தங்கச்சி."