பதினோராவது வார்த்தை

சரியாகப் பதினொரு மணிக்கு போன் அடித்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் பாய்ந்து எடுத்தார்.

"சார், இணையப் பெயர் பாதுகாப்புப் பிரிவிலேர்ந்து பேசறேன். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. உன் இருமல் தேவலையா?"

"பரவாயில்ல சார். இன்னிக்கு பதினோராவது வார்த்தை."

அவர் எப்போதோ இணையத்தில் முகவரி மாதிரி ஒரு பெயர் வாங்கியிருந்தார்; அந்த மாதிரிப் பெயருக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லை. பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள் யாரிடம் இருக்கின்றனவோ, அவருக்கே பெயர் சொந்தம். அவள் அவற்றைக் கேட்டபோது, ஒரு நாளைக்கு ஒன்றுதான் சொல்வேன் என்று இவர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். அவளும் சலிக்காமல் கூப்பிட்டாள்.

"குடை. எழுதிக்கிட்டியா? குடைன்னதும் ஞாபகம் வருது, ஒருநாள் பதினாலாவது மாடியில லிஃப்ட் நின்னு போச்சு..."

இருபது நிமிடம் பேசினார். அவள் கடைசி வரை 'உம்' கொட்டினாள்.

மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கி வரும் தங்கை, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"அண்ணா, அவ திருடி! நெஜமான ஆளுங்க அதையெல்லாம் கேக்கவே மாட்டாங்க."

"முதல் நாளே தெரியும்."

"பேரு பறிபோயிடுமே!"

"அதைத்தான் போன வருஷமே வித்துட்டேனே. நான் சொல்றதெல்லாம் அகராதியிலேர்ந்து எடுக்கறது."

"பின்ன எதுக்கு இந்தக் கூத்து?"

மாத்திரையை வைத்துவிட்டுத் தங்கை கிளம்பிப் போனாள்.

நாளையோடு பன்னிரண்டும் முடிந்துவிடும். அவர் வெறும் அறையில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்:

"மன்னிச்சுக்கம்மா, மூணாவது வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கு. முதல்லேர்ந்து ஆரம்பிப்போமா?"