காணாமல் போன அறுபத்தொன்பது

“இந்த ஹார்ட் டிஸ்க்ல காட்டற இடம் இருக்கில்லையா சார், அது வந்து...” என்று ஆரம்பித்தார் பாட்டு டீச்சர்.

“அட்டையில ஆயிரம் ஜிபின்னு போட்டிருக்கும். கம்ப்யூட்டர்ல மாட்டினா தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் காட்டும். மீதி அறுபத்தொம்பதை யாரு முழுங்கினது? அதானே? உக்காருங்க டீச்சர்.” கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“அவங்களக் கொஞ்சம் பேச விடுங்களேன்” என்றார் பில் மேஜையில் இருந்த மனைவி.

“பதினோரு வருஷமா இதே கேள்வி. பாதியக் கேட்டாலே மீதி எனக்குத் தெரியும். நீ ஸ்டேப்ளரப் பாரு.”

அந்தக் கடையில் விற்ற பொருள் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. காரணம் பொருளின் தரமா, கடைக்காரரின் விளக்கமா என்பதில் கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உள்ளூர்க் கல்லூரிக்காரர்கள் அதையெல்லாம் ஆராயவில்லை. ஒன்றுகூடத் திரும்பாத கடை என்பதற்காகவே நாற்பது டிஸ்க் கேட்டிருந்தார்கள். ஒன்று சரியில்லை என்றாலும் நாற்பதும் திரும்பிவிடும், கடையின் பெயரும் கூடவே போய்விடும்.

நாற்பது பெட்டிகளும் வாசலில் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. புது ஏஜென்ட் ஒருவரிடம் பேசி வாங்கிக் கொடுத்தவர் கடைக்காரரின் மைத்துனர். “உன் தம்பி வாழ்க்கையில உருப்படியா செஞ்ச முதல் காரியம்” என்று காலையில்தான் மனைவியிடம் பாராட்டியிருந்தார். போன வாரம் டீச்சர் வாங்கிப்போன டிஸ்க்கும் அதே லாட்தான்.

“கையை நீட்டுங்க. எத்தனை விரல்?”

டீச்சர் நீட்டினார். “பத்து.”

“அங்கதான் ஆரம்பிச்சுது வினை. பத்து விரல் இருக்கறதால பத்து, நூறு, ஆயிரம்னு எண்ணறோம். டிஸ்க் பண்ற கம்பெனிக்காரனுக்கும் பத்து விரல்தான், அவனும் அப்படியே எண்ணி அட்டையில போடறான். கம்ப்யூட்டருக்கு ஏது விரல்? அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். உண்டு, இல்ல. அதனால ரெட்டிப்பு ரெட்டிப்பாத்தான் போகும். ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. அப்படியே ஐநூத்திப் பன்னெண்டு வந்தாச்சு. அடுத்தது?”

டீச்சர் தொடையில் தட்டி எண்ணினார். “ஆயிரத்து இருபத்து நாலு.”

“ஆயிரத்துல நின்னுச்சா?”

“நிக்கல.”

“தாண்டிக் குதிச்சிடுச்சு. அதுக்கு அதுதான் ஆயிரம்.”

மவுஸ் வாங்க வந்தவர் மவுஸைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். இந்த விளக்கத்தை நூறு முறை கேட்டிருந்த மனைவியின் ஸ்டேப்ளரும், வழக்கம்போல, சரியாக இந்த இடத்தில் நின்றது.

“வெறும் இருபத்து நாலுதானே சார் வித்தியாசம்?” என்றார் மவுஸ்காரர்.

“முதல் படியில இருபத்து நாலு. கிலோ, மெகா, ஜிகான்னு ஒவ்வொரு படிக்கும் அது குட்டி போடும். மூணாவது படியில வந்து நின்னா அறுபத்தொம்பது ஜிபி கம்மி. ஆனா ஒண்ணும் தொலையல. கீழ பாருங்க.”

மூன்று பேரும் கீழே பார்த்தார்கள்.

“இந்தத் தரைக்குச் சின்ன டைல்ஸ் போட்டா ஆயிரம் பிடிக்கும். கொஞ்சம் பெரிய டைல்ஸ் போட்டா தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் பிடிக்கும். தரை எங்கயாவது போச்சா?”

போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

டீச்சர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து கூடவே இருப்பவைதான். இவ்வளவு பெரிய வேலை பார்த்தவை என்று இன்றுதான் தெரிகிறது. எத்தனையோ வீடுகளில், எத்தனையோ மேஜைகளில், யாரும் திருடாமல், எங்கும் சிந்தாமல், அதே அறுபத்தொன்பது காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

“உடம்பு சிலிர்க்குது சார்” என்றார் மெதுவாக. “எந்தக் கடையில வாங்கினாலும் இப்படித்தானா?”

“எந்தக் கடையிலயும். நம்ம ஊர் கம்ப்யூட்டர் எதுல மாட்டினாலும் இதான். முழுசா ஆயிரம் காட்டினாத்தான் டீச்சர் பயப்படணும். உள்ள சின்னதா ஒரு மெமரி கார்டை ஒளிச்சு வெச்சுட்டு, ஆயிரம்னு பொய் சொல்லச் சொல்லிக் குடுத்திருப்பான். டூப்ளிகேட் பண்றவனுக்கு இந்த விரல் கணக்கெல்லாம் தெரியாது, பாவம். அட்டையில இருக்கறத அப்படியே திரையிலயும் எழுதிடுவான். குறையறதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம்.”

மவுஸ்காரர் கைதட்டியிருப்பார். கையில் மவுஸ் இருந்தது.

“அண்ணே, நாப்பதும் ஏத்தியாச்சு. கிளம்பவா?” வாசலிலிருந்து டிரைவர் கேட்டார்.

“கிளம்பு, கிளம்பு.” கடைக்காரர் கையை அசைத்தார். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. “ம், இப்பச் சொல்லுங்க டீச்சர். முதல்லயே ஏதோ சொல்ல வந்தீங்களே.”

டீச்சர் பையைத் திறந்தார். டிஸ்க்கை எடுத்தார். அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

“வீட்ல இருக்கற பழைய டிஸ்க்ல தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் சார் காட்டுது. அதே கம்ப்யூட்டர்ல நீங்க குடுத்த இதை மாட்டினா ஆயிரமும் முழுசா காட்டுது. இவ்வளவு நேர்மையா ஒரு கடையான்னு, நன்றி சொல்லிட்டுப் போகத்தான் சார் வந்தேன்.”